வினோதாவின் கழுத்து

“மூச்சை விடு வினோ.”

“விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன் அண்ணி. விடலேன்னா இந்நேரம் என்னையத் தூக்கிக்கிட்டுல்ல போயிருப்பாங்க.”

“பேசாத. பேசினா ஆடுது.”

“ஆடணும்னுதானே செய்யிறீங்க?”

ஜீவராணியின் வாயில் குண்டூசிகள் இருந்தன. சிரித்தால் விழுங்கிவிடுவோமென்று மூக்கால் மட்டும் ஒரு சத்தம் போட்டாள்.

ஹட்டன் பஜாரில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் தையற்கடை. பலகையில் இன்னும் ‘நல்லமுத்து டெய்லர்ஸ்’ என்றுதான் இருக்கும். நல்லமுத்து கடையைக் கைமாற்றிவிட்டுப் போய் வருடங்களாகிவிட்டன. மெஷினும் மாறிவிட்டது, மேசையும் மாறிவிட்டது, பலகையை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஊரில் எவருக்கும் ஜீவராணி என்றால் தெரியாது. ‘நல்லமுத்து கடை அக்கா’ என்றால்தான் தெரியும்.

ஸ்டூலில் ஏறி நின்றவள் வினோதா, ஜீவராணியின் புருஷனுக்குத் தங்கை. றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க ஹட்டனுக்கு வந்தால் அண்ணியின் கடையில் ஒரு மணித்தியாலம் பொம்மையாக நிற்பாள். பெரிய கடைகளில் அளவு பார்க்க மரப்பொம்மை வைத்திருக்கிறார்களே, அது ஜீவராணியிடம் கிடையாது. சட்டையோ ஜாக்கெட்டோ, புதிதாக எதை வெட்டினாலும் வினோதாவின் உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் திருப்திப்படுவாள்.

இப்போது அவள் கழுத்தில் கிடந்தது சட்டையுமில்லை, ஜாக்கெட்டுமில்லை. ஓட்டோவின் பழைய டியூப்பை வார் வாராகக் கிழித்து, முறுக்கி, வளையமாக்கியிருந்தாள் ஜீவராணி. கறுத்த, கனத்த வளையம். அதிலிருந்து முன்பக்கமாக விரல் அகலத்துக்கு மெல்லிய பட்டைகள் தொங்கின. பெக்டரியில் கொழுந்தை வாட்டப் போடும் தட்டுகளில் விரித்திருந்து, கிழிந்ததும் கழித்துவிட்ட நைலோன் வலையில் அவை செய்தவை. வலைக்கு இரண்டு பக்கமும் தேயிலைப் பாக்கெட்டின் உள்பக்கத்து வெள்ளித்தாளை வைத்து அயன் பெட்டியால் அழுத்தினால் மூன்றும் ஒன்றாய் ஒட்டிக்கொள்ளும். என்ன சூட்டில் ஒட்டும், என்ன சூட்டில் உருகும் என்று கண்டுபிடிப்பதற்குள் இரண்டு அயன் பெட்டிகளின் அடி பாழாகியிருந்தது. ஒவ்வொரு பட்டையையும் மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் தனித்தனியாக முடிந்திருந்தாள், தன்பாட்டுக்குச் சுழலட்டுமென்று.

“இப்ப இடது பக்கம் திரும்பு.”

வினோதா திரும்பினாள். பட்டைகள் நெஞ்சைத் தொடாமல் வெளியே விலகி, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போய், திரும்பி வந்தன. சுவரெல்லாம் வெளிச்சம் ஓடியது.

“அம்மாடி!” என்றாள் வினோதா. “அண்ணன் கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். கொழும்புல இருந்துக்கிட்டு அவருக்கு என்னா தெரியும். ‘குப்பையைத் தைக்க ஆரம்பிச்சிட்டியா’ன்னாரு.”

“அது கெடக்கு. நகைக்கடை அழகம்மை ஜாக்கெட்டு திரும்பி வந்திருச்சாமே?”

“பின்கழுத்துல குமியுதாம். அந்தம்மாவுக்கு நான் எதை வெட்டினாலும் குமியும். சும்மா நட்டுக்கிட்டு நிக்கிறாங்க. அப்படி நிமிந்து நின்னா குமியத்தான் செய்யும். அதுக்கு நானா பொறுப்பு?”

ஃபோனை நிறுத்திவைத்து, வினோதா திரும்புவதை வீடியோ எடுத்து, மதுசூதனனுக்கு அனுப்பினாள் ஜீவராணி.

மதுசூதனனின் அப்பா அதே பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவர். மகன் படித்துவிட்டுக் கொழும்பில் சொந்தமாகக் கடை போட்டு, தானே வரைந்த உடுப்பும் நகையும் விற்கிறான். தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்தபோது ஜீவராணியின் ஜன்னலில் மாதிரிக்குத் தொங்கிய ஒரு காதணியைப் பார்த்துவிட்டு மாடியேறி வந்தான்.

“இது யாரு டிசைன் அக்கா?”

அந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ‘எப்ப தருவீங்க’ என்றுதான் கேட்பார்கள். “நான்தான் தம்பி” என்று சொல்வதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

அவன் விஷயத்தைச் சொன்னான். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் புல்வெளியில் ஷோ வைக்கிறான். புதுப்புதுப் பொருளில் செய்த உடுப்பு, நகை. எல்லாமே அசைய வேண்டும். “அசையாதது மேடை ஏறாது அக்கா. ஏறிச்சுன்னா உங்க பேரைச் சொல்லித்தான் ஏறும். அதுக்கப்புறம் என் கடையிலயும் உங்க பேர்லயே வைப்பேன்.”

அன்றிலிருந்து பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்கும்போதெல்லாம் ஜீவராணியின் காதில் மைக் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜீவராணி, ஹட்டன். ஜீவராணி, ஹட்டன்.

வீடியோவுக்குப் பதில் அன்றைக்கே வந்தது. “அக்கா, சத்தியமா சொல்றேன், இது தண்ணி மாதிரி ஓடுது. இப்படியே கொண்டு வாங்க.”

ஷோவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். விடிய பஸ் ஏறினார்கள். தனியாகப் போக ஜீவராணிக்குப் பயம், வினோதாவுக்கு நுவரெலியாவில் பூப் பார்க்க ஆசை. இறங்கியபோது ஊர் முழுக்கக் கொழும்புச் சனம். குதிரைச் சவாரியும் அவித்த சோளப்பொத்தியும் ஹோர்ன் சத்தமுமாகக் கிடந்தது. ஹோட்டல் மேட்டில் இருந்தது. ஜீவராணி தையற்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கேட்டுக்குக் கிட்டப் போய்த் திரும்பிப் பார்த்தால், வினோதா நகைப்பெட்டியைக் கயிற்றில் கட்டி முதுகில் தொங்கவிட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறி வருகிறாள். இரண்டு கையிலும் சோளப்பொத்தி.

“அடியே! இறக்கு அதை!”

“ஏன்? பெட்டி ஆடாம அலுங்காம வருதே.”

“கொழுந்தெடுக்கப் பெரட்டுக்கா வந்திருக்கோம்? செக்கியூரிட்டி பாக்கிறான் பாரு. பாக்கிறவங்க என்னா நினைப்பாங்க? கையில பிடி.”

வினோதா கயிற்றைக் கழற்றி, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு சோளப்பொத்தியைச் செக்கியூரிட்டிக்காரனிடமே கொடுத்துவிட்டாள்.

உடுத்திவிடும் அறையில் சுவர் முழுக்கக் கண்ணாடி. ஜீவராணியின் நகையைப் போட்டு நடக்க இருந்தவள் செனுரி. கொழும்புச் சிங்களப் பெண், நல்ல உயரம், கழுத்து வாழைத்தண்டு மாதிரி. பெட்டியைத் திறந்ததுமே “ஹரி லஸ்ஸனய் அக்கே” என்று கன்னத்தில் கை வைத்தாள். அழகு என்கிறாள் என்பது ஜீவராணிக்குப் புரிந்தது. பெருமையாகத்தான் வளையத்தை மாட்டிவிட்டாள்.

“நடங்க மிஸ்.”

செனுரி நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள்.

பட்டைகள் அசையவில்லை. நனைந்த துணியைச் சுவரில் அடித்த மாதிரி நெஞ்சோடு நெஞ்சாகப் படுத்துக் கிடந்தன.

“வேகமா திரும்புங்க மிஸ்.”

வேகமாகத் திரும்பினாள். இரண்டொரு பட்டை ஓரத்தில் துடித்தது. அவ்வளவுதான்.

மதுசூதனன் வாசலில் வந்து நின்றான். கையில் பட்டியல், காதில் ஃபோன். “என்னக்கா, இப்படிப் படுத்திருச்சு? வீடியோவுல ஓடிச்சே?”

“குளிருக்கு ஒட்டுதோ என்னவோ தம்பி. இருங்க.”

தாளால் துடைத்தாள். நூலை இளக்கினாள், பட்டைகளைக் கையால் நீவிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஓர் எண்ணம் வந்து கழற்றி வினோதாவுக்கு மாட்டினாள். “திரும்பு.” வினோதா திரும்பினாள். பட்டைகள் விலகி, துரத்தி, ஓடின. கண்ணாடியெல்லாம் வெளிச்சம். கழற்றிச் செனுரிக்கு மாட்டினாள். படுத்துக்கொண்டன.

“அண்ணி, அது என்னையத்தான் கட்டிக்குவேங்குது” என்றாள் வினோதா.

“சும்மா இருடி.”

இரண்டு பேரையும் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் சேர்த்து நிறுத்தினாள் ஜீவராணி. செனுரியின் பிடரியில் கையை வைத்தாள். காதுக்கு நேர் கீழே தோள். வினோதாவின் பிடரியில் வைத்தாள். கழுத்து தோளிலிருந்து முன்னால் போய், அதற்கப்புறம்தான் மேலே ஏறியது. பதினேழு வயதிலிருந்து தலையில் கயிறு. பின்னால் கொழுந்துக் கூடை இழுக்க இழுக்கக் கழுத்து முன்னால் போய்த்தான் தாங்கும். கூடை போய் இப்போது பை வந்துவிட்டது, கயிறு போகவில்லை. அந்தக் கழுத்தில் வளையத்தை மாட்டினால் முன்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பட்டைகள் காற்றில் தொங்குகின்றன. நிமிர்ந்த கழுத்தில் மாட்டினால் வளையம் நெஞ்சில் படிந்துவிடுகிறது. பட்டைகளுக்கு ஆட இடமில்லை.

அந்தக் கழுத்துக்கென்றே பின்பக்கம் ஒரு விரல் கூட்டித்தான் அவள் இத்தனை காலமும் வெட்டினாள். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கொழுந்துக்காரப் பெண்கள். கை அப்படியே பழகிவிட்டது. அழகம்மையின் ஜாக்கெட் குமிந்ததற்கு அழகம்மை காரணமே இல்லை.

“தம்பி, இது வினோ கழுத்துக்கு வெட்டினது” என்றாள்.

“அப்ப அவங்களையே போட்டு நடக்கச் சொல்லலாமா?”

“ஐயோ சாமி!” என்று வினோதா கதவுப் பக்கம் ஒதுங்கினாள். “அத்தனை பேரு முன்னால என்னால முடியாது மொதலாளி. எனக்குக் கால் பின்னிக்கும்.”

“இன்னும் அரை மணித்தியாலம் இருக்குக்கா. அசையலேன்னா என்னால ஏத்த ஏலாது. சொல்லிட்டேன்ல.”

ஜீவராணியின் கண் பெட்டியின்மேல் விழுந்தது. பெட்டியில் கயிறு.

யோசிக்கவேயில்லை. தையற்பையில் கத்தரிக்கோல், அயன் பெட்டி, டியூப் மிச்சம் எல்லாவற்றையும் திணித்துக் கயிற்றில் கட்டினாள். செனுரியின் முதுகில் அதைத் தொங்கவிட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டினாள்.

“பரய் அக்கே!” என்றாள் செனுரி. பாரமாக இருக்கிறதாம். இருக்கத்தானே வேண்டும். அவள் கழுத்து தானாகவே முன்னால் வந்தது. வளையம் நெஞ்சைவிட்டு எழும்பியது.

“இப்ப திரும்புங்க மிஸ்.”

பட்டைகள் ஓடின.

அறையிலிருந்த பெண்களெல்லாம் கை தட்டினார்கள். மதுசூதனன் ஃபோனை இறக்கிவிட்டான். “அக்கா! என்னக்கா இது! கயிறு, கூடை, வலை, தேயிலைத்தாள்… இதுதான் கதை. இதைக் கடைசியா விடுறேன். ஃபோட்டோக்காரங்க எல்லாம் இதைத்தான் எடுப்பாங்க. அந்தப் பையை மட்டும் மாத்திடுவோம், ஒரு சின்னக் கூடை தேடுறேன்.”

ஜீவராணிக்குக் காதில் மைக் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் வினோதாவைத் திரும்பிப் பார்த்தாள்.

வினோதா கை தட்டவில்லை. செனுரியின் தலையில் கிடந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னா வினோ?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லேன்னா ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

“காலையில கேட்டுக்கிட்ட என்னா சொன்னீங்க அண்ணி?”

“என்னா சொன்னேன்?”

“இறக்குன்னீங்க. பாக்கிறவங்க என்னா நினைப்பாங்கன்னீங்க.” வினோதாவின் குரல் உயரவில்லை. “என் தலையில இருந்தா வெக்கம். அந்தப் புள்ள தலையில இருந்தா நகையா?”

ஜீவராணியின் கண் அவள் தலைக்குப் போனது. வினோதாவின் முன்தலையில், வகிட்டுக்குக் குறுக்காக, கயிறு கிடந்து கிடந்து முடி தேய்ந்த கோடு இருந்தது. அதை மறைக்கத்தான் அன்றைக்குத் தலையை ஏற்றிச் சீவி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். காலையில் பஸ்ஸில் அந்தப் பூவைப் பார்த்து ‘யாரு கல்யாணம்?’ என்று கேலி பண்ணியவளும் ஜீவராணிதான்.

“தம்பி, கயித்த எடுத்திருவோம்.”

“என்னது?”

“கயிறு வேணாம்.”

“எடுத்தா அசையாதேக்கா!”

“அசைய வைக்கிறேன்.”

“இன்னும் இருபது நிமிஷம்தான்…”

“அதுக்குள்ள அசைய வைக்கிறேன்னுதானே சொல்லுறேன். நீங்க போங்க தம்பி. நீங்க நின்னா எனக்குக் கை ஓடாது.”

அவன் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் போனான். செனுரியின் தலையிலிருந்து கயிற்றை எடுத்ததும் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தாள். பட்டைகள் மறுபடி படுத்துக்கொண்டன.

இரண்டு விரல் தூரம். வளையத்தை நெஞ்சிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்த வேண்டும், பாரமில்லாமல். ஜீவராணி பையைக் கொட்டினாள். நூல்கட்டை கடினம், குத்தும். துணியைச் சுருட்டி வைத்தால் நசுங்கிப்போகும். குளிருகிறதென்று கோட்டுக்குள் இரண்டு தோளையும் இழுத்துக்கொண்டாள். இழுத்தபோதுதான் தோளில் மெத்தென்று பட்டது.

கோட்டைக் கழற்றினாள். உள்துணியில் கத்தரிக்கோலை விட்டு, சரக்கென்று கிழித்தாள்.

“அண்ணி! அண்ணன் வாங்கிக் குடுத்த கோட்டு!”

“தோள்மெத்தைக்குத்தான். இன்னொரு பக்கத்தை நீ கிழி. தையல்ல கிழி, துணியில கிழிச்சிராத.”

“கிழிக்கிறதுன்னு ஆச்சு, இதுல தையல்ல கிழி, துணியில கிழின்னு…” என்றவாறே வினோதா பல்லால் நூலைக் கடித்து இழுத்தாள். இரண்டு தோள்மெத்தைகள் வெளியே வந்தன. பாதி நிலா மாதிரி, வளைந்த ஸ்பொஞ்ச். ஜீவராணி அவற்றின்மேல் டியூப் வாரைச் சுற்றினாள். வளையத்துக்கு அடியில், கழுத்தெலும்பில் உட்காரும்படி இரண்டு பக்கமும் வைத்துத் தைத்தாள். வினோதா வளையத்தைப் பிடித்துக்கொண்டாள். ரப்பரில் ஊசி இறங்க மறுத்தது. “சவர்க்காரம்!” என்றாள் ஜீவராணி. செனுரி ஓடிப்போய்க் குளியலறையிலிருந்து சோப்புக் கட்டியை எடுத்து வந்தாள். சவர்க்காரத்தில் குத்தியெடுத்த ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

மாட்டினார்கள். வளையம் முன்னால் தள்ளி நின்றது. செனுரி திரும்பினாள்.

அசைந்தது. வினோதாமேல் ஓடியதில் பாதிதான் ஓடியது. ஆனாலும் அசைந்தது.

மதுசூதனன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “கயிறுதான்க்கா நல்லா இருந்திச்சு. சரி, இதுக்குக் கடைசி இடம் பத்தாது. நடுவுல விடுறேன்.”

“எங்க வேணும்னாலும் விடுங்க தம்பி. பேரு மட்டும்…”

“பேரைச் சொல்லுவேன்க்கா.”

நடுவில்தான் விட்டான். டீ கொண்டுவரும் நேரம், பாதிப் பேர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பாஷையிலும் மைக்கில் சொன்னார்கள். ஆங்கிலத்தில் சொன்னவர் ஜீவராணியைச் சுருக்கி ‘ஜிவ்ரானி’ ஆக்கிவிட்டார். தமிழில் மதுசூதனனே சொன்னான். “ஜீவராணி, ஹட்டன்.” செனுரி புல்வெளிக்கு நடுவில் வந்து நின்று சட்டென்று திரும்பினாள். வெள்ளிப் பட்டைகள் விரிந்து மூடின. கோப்பையைப் பார்த்தவர்களில் சிலர் நிமிர்ந்தார்கள். கைதட்டல் பலமுமில்லை, மோசமுமில்லை. தகர ஷெட்டில் ஒரு சின்ன மழை பெய்து விட்ட மாதிரி இருந்தது. திரைக்குப் பின்னால் கிழிந்த கோட்டோடு நின்ற ஜீவராணி வினோதாவின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

“விடுங்க அண்ணி. அது கொழுந்தெடுக்கிற கை.”

எல்லாம் முடிந்து பெட்டி கட்டும்போது மதுசூதனன் வந்தான். இரண்டு பெண்கள் விசாரித்தார்களாம். “இதே மாதிரி ரெண்டு செய்து அனுப்புங்கக்கா. உங்க பேர்ல வச்சுப் பார்ப்போம். வித்துப் போச்சுன்னா மேல பேசலாம்.” போகத் திரும்பியவன், “கயிறோட ஒண்ணு செய்தீங்கன்னா, உண்மையைச் சொல்றேன், வெளிநாட்டு ஷோவுக்கே எடுத்துட்டுப் போவேன். யோசிச்சுப் பாருங்க” என்றான்.

ஜீவராணி யோசித்தாள். பொய் சொல்வானேன், யோசிக்கத்தான் செய்தாள். அப்புறம் சொன்னாள், “கயித்தப் பத்தி என்கிட்டக் கேக்காதீங்க தம்பி. கயித்துக்குச் சொந்தக்காரி அங்க நிக்கிறா.”

“கயிறுதானே மொதலாளி?” வினோதா பெட்டியை முடிந்துகொண்டே சொன்னாள். “தாராளமா தாரேன். நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வாங்க. நானே உங்க தலையில மாட்டி, பின்னால பையையும் தொங்க விடுறேன். சாயந்தரம் வரைக்கும் போட்டுட்டு, பிடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க.”

மதுசூதனன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

“ரெண்டு போதும்க்கா” என்றான்.

பின்னேர பஸ்ஸில் இடம் கிடைத்தது. நானுஓயா தாண்டும்போது ஜீவராணி பெட்டியை மடியில் வைத்துத் திறந்தாள். ஊசி முனையால் தோள்மெத்தைகளின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“ஏன் பிரிக்கிறீங்க? ரெண்டு கேட்டாருல்ல?”

“அதுக்குப் புதுசா வெட்டணும். இது தப்பா வெட்டினது. இதை வச்சு அளவு பாக்க ஏலாது.”

“அப்ப இனிமே யாரு கழுத்துல அளவு பாப்பீங்க?”

“அழகம்மைக்குச் சொல்லியனுப்பணும். நகைக்கும் நிக்கட்டும், அப்படியே அவங்க ஜாக்கெட்டையும் சரி பண்ணிக் குடுத்திர்றேன்.”

“ஏன் குமிஞ்சிச்சுன்னு சொல்லுவீங்களா?”

“நிமிந்து நிக்கிறது அவங்க குத்தமில்லேன்னு சொல்லிர்றேன்.”

“அப்ப எனக்கு வேலை போச்சு.”

“கழுத்தைக் குடு.”

“பஸ்ஸுலயா?”

“குடுடி.”

வளையத்தை மாட்டிவிட்டாள். கொண்டக்டர் பையன் டிக்கட் கிழித்தவன் கையை நிறுத்திப் பார்த்தான். “என்னாக்கா, தேர்த் திருவிழாவா?”

“ஆமா தம்பி” என்றாள் வினோதா. “நான்தான் தேரு. வழி விடு.”

தலவாக்கலைப் பக்கம் இறங்கும் வளைவுகள் தொடங்கின. பஸ் இடப்பக்கம் திரும்பியது. பட்டைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வலப்பக்கம் ஓடின. அடுத்த வளைவில் திரும்பி வந்தன. முன்சீட்டுக் குழந்தை பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

“யாருக்கு அண்ணி இது?” என்றாள் வினோதா, தொட்டுப் பார்க்காமல்.

“யாரு கழுத்துக்கு வெட்டினேனோ அவளுக்கு.”

வினோதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அண்ணன் கோட்டைக் கேட்டா என்னா சொல்லுவீங்க?” என்றாள்.

“நீ கிழிச்சேன்னு சொல்லுவேன்.”

“தையல்லதானே கிழிச்சேன்!”